ரால்ஃப் நெவில் வரை போகிறதா உங்கள் கொடிவழி?

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி பரங்கிமலையில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். பிறந்த வீட்டுப் பெயர் நெவில். 'நாங்கள் இங்கிலாந்துப் பிரபு வம்சம்' என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். இணையத்தில் யாரோ போட்டிருந்த 20 தலைமுறைக் குடும்ப மரம் ஒன்று கிடைத்தது. 1425இல் இறந்த வெஸ்ட்மர்லண்ட் பிரபு ரால்ஃப் நெவிலில் போய் முடிகிறது. நம்பலாமா? எப்படிச் சரிபார்ப்பது?

பதில்: இப்போதைக்கு நம்பவும் வேண்டாம், அழிக்கவும் வேண்டாம். மரத்தில் உள்ள பெயர்களை விட, பெயர்களைச் சேர்க்கும் கோடுகள்தான் முக்கியம். 'இவர் இன்னாரின் பிள்ளை' என்று ஒவ்வொரு கோட்டுக்கும் அந்தக் காலத்து ஆவணம் ஒன்று சாட்சி சொல்ல வேண்டும். ஒரே ஒரு கோடு தப்பினாலும், அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேறு யாருடைய முன்னோர்களோ.

முதலில் பெயர் மயக்கத்தை விடுங்கள். ரால்ஃபின் குடும்பமான ரேபி கோட்டை நெவில்கள் தந்தை வழியில் நெவில்களே அல்லர். ரேபியை வைத்திருந்த ராபர்ட் ஃபிட்ஸ் மால்ட்ரெட், இசபெல் நெவிலைக் கட்டினார். மகன் ஜெஃப்ரி அம்மா வீட்டுப் பெயரை எடுத்துக்கொண்டார். ரால்ஃபுக்கு இரண்டு மனைவிகள் வழியாக இருபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள். பெண்கள் பெர்சி, ஸ்டாஃபர்ட், மோப்ரே என்று பெரிய குடும்பங்களுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். ஆகவே அவருடைய சந்ததி பெரும்பாலும் வேறு பெயர்களில்தான் இருக்கிறது. உங்கள் வழியும் நெவில் அல்லாத ஏதோ ஒரு பாட்டி மூலமாகப் போக வாய்ப்பு அதிகம்.

ஒரு சோதனையை இன்றைக்கே செய்துவிடலாம். மரம் ஆறாவது வெஸ்ட்மர்லண்ட் பிரபு சார்லஸின் மகன் என்று ஒருவர் வழியாக இறங்குகிறதா பாருங்கள். 1569 வட இங்கிலாந்துக் கிளர்ச்சியில் தோற்று ஓடிய அவர், 1601இல் அந்நிய மண்ணில் இறந்தபோது ஆண் வாரிசு இல்லை. அப்படி ஒரு மகன் உங்கள் மரத்தில் இருந்தால் அந்தக் கிளையை வெட்டிவிடலாம்.

வேலையைக் கீழிருந்து தொடங்குங்கள், அதாவது சென்னையிலிருந்து. மதராஸ் மாகாணத்து தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளைப் பிரதியெடுத்து ஆண்டுதோறும் லண்டனுக்கு அனுப்பினார்கள். 1698 முதல் உள்ள அந்தப் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்து இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'என்/2' வரிசையில் இருக்கின்றன. ஃபைண்ட்மைபாஸ்ட் தளத்தில் படமாகவே பார்க்கலாம். பிரதி என்பதால் எழுத்துப் பிழை இருக்கும். சந்தேகம் வந்தால் தேவாலயத்து மூல ஏட்டைப் பார்க்க வேண்டும். சென்னை ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயத்தின் ஏடு 1680இலேயே தொடங்குகிறது. தாய் இந்தியப் பெண் என்றால் அவர் பெயரே பல பதிவுகளில் இராது, அல்லது ஞானஸ்நானப் பெயர் மட்டும் இருக்கும். அந்தக் கிளை அங்கேயே நின்றுவிடும்.

இங்கிலாந்திலிருந்து முதலில் கப்பலேறி வந்தவர் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. பரங்கிமலை மதராஸ் பீரங்கிப் படையின் தலைமையிடமாக இருந்தது. வந்தவர் அதிகாரியா, சிப்பாயா என்பதைப் பொறுத்து உங்கள் வேலை லேசாகும் அல்லது மலையாகும். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரியாகச் சேர வந்த இளைஞர்கள், அதாவது 'கேடட்'கள், ஞானஸ்நானச் சான்றைக் காட்ட வேண்டும். 1789 முதலான அந்த மனுக்கள் 'எல்/மில்/9' வரிசையில் கிடக்கின்றன. இங்கிலாந்தில் எந்த ஊர், எந்தப் பங்கு (தேவாலய வட்டாரம்), அப்பா அம்மா யார் என்று ஒரே காகிதத்தில் கிடைத்துவிடும். இதற்கு ஈடான புதையல் வேறு இல்லை. சாதாரணச் சிப்பாய் என்றால் படைப் பெயர்ப் பட்டியல்களையும் கப்பலேற்றப் பட்டியல்களையும் புரட்ட வேண்டும். வந்த கப்பல் தெரியும், சில சமயம் சொந்த ஊரும் தெரியும். பெற்றோர் பெயர் தெரிவது அரிது.

1837 ஜூலையில் தொடங்கிய அரசுப் பிறப்புப் பதிவும் 1841 முதலான மக்கள் கணக்கெடுப்பும் இங்கிலாந்தில் பெரிய துணைதான். உங்கள் ஆள் அதற்கு முன்பே கப்பலேறியிருந்தால் அவற்றால் பயனில்லை.

இனி பங்கு ஏடுகள். 1538இல் தாமஸ் க்ராம்வெல் போட்ட உத்தரவால் இவை தொடங்கின. மரங்கள் ஒடிவதும் பெரும்பாலும் இங்கேதான், குறிப்பாக 1642க்கும் 1660க்கும் நடுவே. உள்நாட்டுப் போரால் பல ஊர்களில் ஏடு எழுத ஆளில்லை. ஒரு உதாரணம்: 1665இல் ஒரு ஊரில் ஜான் நெவில் என்பவருக்குக் கல்யாணம். அந்த ஊரில் அவர் பிறந்த பதிவு இல்லை. இணையத்தில் தேடினால் 40 மைல் தள்ளி, 1641இல் ஞானஸ்நானம் பெற்ற ஒரு ஜான் நெவில் கிடைக்கிறார், அதுவும் பெரிய வீட்டுப் பிள்ளை. பெயரும் வயதும் பொருந்துகின்றன என்று கோட்டை இழுத்துவிடுகிறார்கள். அந்தப் பெரிய வீட்டு ஊரின் அடக்கப் பதிவை யாரும் திறந்து பார்ப்பதில்லை. அந்தக் குழந்தை மூன்று வயதில் இறந்து, அங்கேயே அடக்கமாகியிருக்கலாம். ஆகவே ஞானஸ்நானம் ஒன்று கிடைத்ததும் அதே ஊர் அடக்க ஏட்டில் அடுத்த 20 ஆண்டுகளைப் பார்த்துவிடுங்கள். பிறகு சுற்று வட்டாரத்தில் அதே பெயரில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். மூல ஏடு தொலைந்திருந்தால், ஆண்டுதோறும் பிஷப்புக்கு அனுப்பிய பிரதி மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம்.

தேதியிலும் ஏமாற வாய்ப்புண்டு. 1752க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. 'மே 1650 திருமணம், பிப்ரவரி 1650 ஞானஸ்நானம்' என்று ஏட்டில் இருந்தால் முறைகேடு ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பிப்ரவரி நம் கணக்கில் 1651. குறித்துக்கொள்ளும்போது '1650/51' என்று இரண்டையும் எழுதுங்கள்.

ஏடு மௌனமாகும் இடத்தில் உயில் பேசும். 'என் தம்பி மகன் ஜானுக்கு, மதராஸுக்குப் போனவனுக்கு' என்ற மாதிரி ஒரு வரி பத்து ஞானஸ்நானப் பதிவுகளுக்குச் சமம். கேன்டர்பரி பேராய நீதிமன்ற உயில்கள், 1384 முதல் 1858 வரை, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ப்ராப் 11' என்ற வரிசையில் உள்ளன. இங்கிலாந்தில் சொத்து வைத்துவிட்டு வெளிநாட்டில் இறந்தவர்கள் உயிலும் அங்கேதான் வரும். வட இங்கிலாந்துக் குடும்பங்களுக்கு யார்க் நீதிமன்ற உயில்களையும் பாருங்கள். அவை யார்க் நகரின் போர்த்விக் நிறுவனத்தில் இருக்கின்றன. உறவுச் சொற்களில் மட்டும் கவனம். பழைய ஆங்கிலத்தில் 'சன் இன் லா' என்பது மனைவியின் முதல் தாரத்து மகனாகவும் இருக்கலாம். லத்தீனில் 'நெபோஸ்' பேரனுக்கும் பொருந்தும், உடன்பிறந்தார் மகனுக்கும் பொருந்தும். அக்கா மகனும் மருமகன், மகளைக் கட்டியவரும் மருமகன் என்று சொல்கிற நமக்கு இது புதிதல்ல.

1530 முதல் 1688 வரை குலச்சின்ன அதிகாரிகள் மாவட்டம் மாவட்டமாகப் போய், மேட்டுக்குடியினரின் வம்சாவளியைக் கேட்டு எழுதினார்கள். அந்தப் பதிவுகள் அச்சிலும் வந்திருக்கின்றன. சொன்னவரின் தாத்தா காலம் வரை பெரும்பாலும் சரியாக இருக்கும். அதற்கு மேலே வீட்டுப் பெருமை நுழைந்துவிடும். நெவில் பெயருக்கான குலச்சின்னம் என்று படச்சட்டம் போட்டு விற்கிறார்களே, அதை வாங்காதீர்கள். இங்கிலாந்தில் சின்னம் ஒரு ஆளுக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் உரியது. குடும்பப் பெயருக்குச் சின்னம் கிடையாது.

1538க்கும் முந்தைய காலத்துக்குப் போனால் நிலம்தான் சாட்சி. மன்னரிடம் நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால், நடுவர் குழுவைக் கூட்டி 'என்ன நிலம், யார் வாரிசு, வாரிசுக்கு என்ன வயது' என்று விசாரித்து எழுதினார்கள். 13ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரை இந்த வாரிசு விசாரணைகள் உள்ளன. லத்தீன் மூலம், பெரும்பகுதிக்கு ஆங்கிலச் சுருக்கம் அச்சில் உண்டு. ஆண்டு மன்னர் கணக்கில் இருக்கும்: ரால்ஃப் இறந்த அக்டோபர் 1425 என்பது ஆறாம் ஹென்றியின் 4ஆம் ஆண்டு. ரேபி இருக்கும் டர்ஹம் மாவட்டம் பிஷப்பின் தனி ஆட்சிப் பகுதியாக இருந்ததால் அங்குள்ள நிலங்களுக்கான விசாரணை வேறு வரிசையில் இருக்கும். பொதுவரிசையில் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். 'வயது 21க்கு மேல்' என்று இருந்தால் பிறந்த ஆண்டைக் கணக்குப் போடாதீர்கள். அது வயது வந்தவர் என்பதற்கான வழக்கமான வாசகம், ஆள் 40ஆகவும் இருக்கலாம். இன்னொன்று, விசாரணை வாரிசை மட்டுமே சொல்லும். இளைய மகன்களைத் தேட உயில்களும் நிலப் பத்திரங்களும்தான் கதி.

மரபணுச் சோதனை வாங்கலாமா என்றும் யோசிப்பீர்கள். 20 தலைமுறைக்கு முந்தைய ஒருவரின் மரபணு உங்களிடம் ஒரு துளிகூட இல்லாமல் போயிருக்கலாம். ஒய் குரோமோசோம் தந்தைக்குத் தந்தை வழியில் மட்டும் வரும். கொள்ளுப்பாட்டி வழியில் வந்த உங்களுக்கு அது பேசாது. அந்த வழியும் அறுபடாமல் வரும் என்ற உறுதியில்லை. லெஸ்டர் நகரில் 2012இல் தோண்டியெடுத்த மூன்றாம் ரிச்சர்ட் மன்னர், ரால்ஃபின் மகள் செசிலியின் பிள்ளை. அவருடைய தாய்வழி மரபணு இன்றைய உறவினருடன் பொருந்தியது. தந்தைவழி, ஏட்டில் உறவினராக இருப்பவர்களோடு பொருந்தவில்லை. எங்கோ ஒரு தலைமுறையில் ஏட்டில் எழுதியிருந்த அப்பா, அப்பா இல்லை. இப்போதைக்கு அந்தப் பணத்தை 'என்/2' படங்களுக்கும் ஓரிரு உயில் நகல்களுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.