சாய்வான கூரையில் புகைபோக்கியைப் பழுதுபார்க்கச் சாரம் கட்டுவது எப்படி?

ஓட்டுக் கூரையின் முகட்டில் நிற்கும் புகைபோக்கிக்குப் பூச்சு வேலை, ஏணி மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. ஏணியில் ஒரு கை பிடிமானத்துக்கே போய்விடும். கரணையையும் கலவைச் சட்டியையும் எந்தக் கையால் பிடிப்பீர்கள்?

பலர் செய்யும் பெரிய தவறு, சாரத்தைப் புகைபோக்கியிலேயே கட்டிவிடுவது. காரை உதிர்ந்ததால்தானே வேலையே வந்தது? அதை நம்பிப் பாரம் ஏற்றலாமா! சாரம் தரையிலிருந்து எழும்ப வேண்டும். இல்லையென்றால் முகட்டின் இருபுறமும் உட்காரும் சட்டகமாக இருக்க வேண்டும். சட்டகமாக இருந்தால், பாரம் அகலமான பலகை வழியாகப் பரவி அடியிலுள்ள கைமரங்களுக்கு, அதாவது கூரையைத் தாங்கும் சாய்வு மரங்களுக்கு, போக வேண்டும். ஓட்டின் நடுவில் கால் ஊன்றினால் ‘டக்’கென்று விரிசல் சத்தம்தான் கேட்கும். கைமரம் இற்றுப்போயிருந்தால் இந்த வகையே வேண்டாம்.

நிற்கும் பலகைகளுக்கிடையே சந்து கூடாது. சுற்றிலும் சுமார் 1 மீட்டர் உயரத்தில் தடுப்புக் கம்பி, அப்புறம் செங்கல் உருண்டு விழாமலிருக்க விளிம்பில் ஒரு பலகை. கழற்றிய கல்லை மேலே குவிக்காதீர்கள். ஒன்று 3 கிலோ என்றாலும் 40 கல் 120 கிலோ.

ஏறும் ஏணியின் கால்களைச் சுவரிலிருந்து 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் தள்ளி வைத்து, ஏணியைச் சாய்த்துக் கட்டுங்கள். சரி, கீழே அடுப்பை அணைத்தாயிற்றா? அந்தப் புகையை மூச்சில் இழுத்துக்கொண்டு உயரத்தில் நிற்க முடியாது.