கழுதைப்புலி நாய் இனமா, பூனை இனமா?

பார்த்தால் நாய் மாதிரிதான் இருக்கும். ஆனால் அது பூனைப் பக்கத்து உறவு. அதிலும் கீரிக்குத்தான் ரொம்ப நெருக்கம். பெயரில் ‘புலி’யைச் சேர்த்த நம் ஆட்கள் குத்துமதிப்பாகச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்!

நாய், பூனை, கழுதைப்புலி எல்லாம் அடங்கிய பெரிய விலங்குக் குழுதான் ஊனுண்ணி வரிசை (Carnivora). அதன் பழைய அடையாளம் பல்தான். வீட்டுப் பூனை கருவாட்டுத் துண்டைத் தலை சாய்த்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பதைக் கவனியுங்கள். அங்கே மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கத்தரிக்கோல் போல உரசி வெட்டும். அதற்காகக் கறி தின்பதெல்லாம் ஊனுண்ணி வரிசை ஆகிவிடாது. மூங்கில் தின்னும் பாண்டா இதில் உண்டு, முதலை இல்லை. கணக்கு வம்சாவளிதான்.

இந்த வம்சத்தின் தொடக்கம் சுமார் 6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த பிறகு, மரமேறித் திரிந்த கீரி அளவுப் பிராணிகள். பிறகுதான் பூனைக் கிளை, நாய்க் கிளை என்று இரண்டாகப் பிரிந்தது. கரடியும் கடல்நாயும் நாய்க் கிளை. கழுதைப்புலியின் நாய்ச்சாயல், நெடுந்தூரம் ஓடித் திரியும் பிழைப்பால் தனியாக வந்தது.