காருக்குள் வரும் கடகட, கிறீச் சத்தங்களை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

பெரும்பாலும் முடியும். சரிசெய்வது அரை மணி நேர வேலைதான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உயிரை எடுக்கும்.

என் காரில் ஒரு ‘டக்... டக்டக்’ இருந்தது. சாலை கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் போதும், ஆரம்பித்துவிடும். டேஷ்போர்டுக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்து “கேட்குதா பார்” என்று ஓட்டினால் சத்தமே இல்லை. மெக்கானிக்கை ஏற்றிக்கொண்டு அதே சாலையில் போனேன். அப்போதும் இல்லை. “நல்லாத்தானே சார் இருக்கு?” என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. தனியாகத் திரும்பி வந்தேன், டக், டக்டக்.

ஒருநாள் பக்கத்து சீட்டில் கனமான பை ஒன்றை வைத்தேன். ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து கார் ‘பீப் பீப்’ என்று கத்த ஆரம்பித்தது. அதன் வாயை மூட, சீட் பெல்ட்டை இழுத்துப் பையின் மேல் மாட்டினேன். அன்று முழுக்க சத்தம் இல்லை. அப்போதுதான் பொறி தட்டியது. பெல்ட்டின் உலோக நாக்கு கீழே நழுவிவிடாமல் தடுக்க, பெல்ட்டில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பொத்தான் இருக்கும். என் காரில் அது எப்போதோ விழுந்துவிட்டது. நாக்கு அடிவரை இறங்கி, கதவோரத் தூணின் பிளாஸ்டிக் மீது தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் வேலையாக பெல்ட் போடுவார்கள், நாக்கு பூட்டுக்குள் போய்விடும், சத்தமும் போய்விடும். பழைய துளையிலேயே புதுப் பொத்தானை மாட்டினேன், முடிந்தது. (பெல்ட் துணியில் புதிதாக ஓட்டை மட்டும் போடாதீர்கள், அதன் பலம் போய்விடும்.)

இதைச் சொல்லக் காரணம், காது நம்மை நன்றாக ஏமாற்றும். மூடிய பெட்டிக்குள் கண்ணாடியிலும் பிளாஸ்டிக்கிலும் பட்டு எதிரொலிக்கும் சத்தம் வேறு எங்கிருந்தோ வருவது போலத்தான் கேட்கும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முன் காரைக் காலி செய்யுங்கள். கதவுப் பைகள், கிளவ் பாக்ஸ், கூரையில் மூக்குக்கண்ணாடி வைக்கும் பெட்டி, சில்லறை போடும் குழி, சீட்டுக்கு அடியில் என எல்லாவற்றையும் துடைத்தெடுங்கள். டிக்கியில் ஜாக்கி, ஸ்பானர், ஸ்பேர் வீலை இறுக்கும் திருகு ஆகியவற்றைக் கையால் ஆட்டிப் பாருங்கள். அப்படியே டயர் காற்றையும் பாருங்கள். கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவைவிட அதிகமாக அடித்திருந்தால், சாலையின் ஒவ்வொரு அதிர்வும் நேராக உள்ளே வரும். இவ்வளவிலேயே பல பேருடைய பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? சரி, அடுத்தது தேடல். வேறொருவரை 20 கிமீ வேகத்தில் மோசமான சாலையில் ஓட்டச் சொல்லிவிட்டு, பக்கத்திலோ பின்னாலோ பெல்ட் போட்டு உட்கார்ந்து கைக்கு எட்டிய பாகங்களை ஒவ்வொன்றாக உள்ளங்கையால் அழுத்துங்கள். எதை அழுத்தும்போது நிற்கிறதோ, அங்கேதான் அல்லது அதற்கு மிக அருகில்தான் ஆள் இருக்கிறார். அரை மீட்டர் ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதருகே வைத்து, மறுமுனையை இடுக்குகளின் பக்கம் நகர்த்தினால் இன்னும் துல்லியமாகத் தெரியும். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. காரை நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, கார் ஸ்பீக்கரில் 30 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏறும் ஒற்றை ஒலியைப் போடுங்கள். அதை உருவாக்கும் செயலிகள் கைபேசியில் நிறையக் கிடைக்கின்றன. ஒவ்வொரு பாகமும் தனக்குரிய அதிர்வெண் வரும்போது ‘ஸ்ர்ர்ர்’ என்று காட்டிக்கொடுத்துவிடும். ஒலியை அந்த இடத்திலேயே நிறுத்திவைத்து, நிதானமாகக் கையால் தடவித் தேடலாம். ஸ்பீக்கர்கள் கதவில் இருப்பதால் கதவுப் பலகைக்குள் ஆடும் ஒயர், தளர்ந்த கிளிப் போன்றவற்றுக்கு இது பிரமாதம். டேஷ்போர்டின் ஆழத்தில் இருப்பதற்கு அவ்வளவு உதவாது.

கண்டுபிடித்த பிறகு ஒன்றை மட்டும் பிரித்துப் பாருங்கள்: அது கடகடவா, கிறீச்சா? கடகட என்றால் நடுவில் இடைவெளி இருக்கிறது, இரண்டு பொருள்கள் மோதுகின்றன. இறுக்க வேண்டும், அல்லது ஃபோம் டேப் வைத்து இடைவெளியை நிரப்ப வேண்டும். கிறீச் என்பது இதற்கு நேர் எதிர். இரண்டு பரப்புகள் நெருக்கமாக அழுந்தி, ஒட்டி ஒட்டி விலகுகின்றன. கரும்பலகையில் சாக்பீஸ் கத்துவது போல. அங்கே இன்னும் ஃபோமைத் திணித்தால் அழுத்தம் கூடி சத்தமும் கூடலாம். ஃபெல்ட் டேப்பையோ துணி டேப்பையோ நடுவில் ஒட்டி, உரசலைக் குறைக்க வேண்டும். நான் முதலில் செய்த தவறு, எல்லாவற்றுக்கும் ஸ்பாஞ்சைக் கிழித்துச் செருகியதுதான்.

கதவு ஓரத்து ரப்பர் பீடிங் கத்தினால், ஈரத்துணியால் துடைத்துக் காயவிட்டு சிலிக்கான் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பெட்ரோலிய எண்ணெய் கலந்த ஸ்ப்ரே வேண்டாம். முதல் நாள் சத்தம் நிற்கும், ஆனால் நாளடைவில் ரப்பர் ஊதித் தளர்ந்துவிடும். சிலிக்கான் ஸ்ப்ரேயையும் துணியில் அடித்துத்தான் தடவ வேண்டும். பெடலிலோ ஸ்டீயரிங்கிலோ பட்டால் வழுக்கும், கண்ணாடியில் பட்டால் எளிதில் போகாது.

பீடிங் இல்லையென்றால் கதவுப் பூட்டைச் சந்தேகப்படுங்கள். தூணில் பூட்டு கவ்விக்கொள்ளும் இரும்பு வளையத்தில் துணி டேப்பை ஒரே ஒரு சுற்று சுற்றி, கதவைச் சாத்தி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் திருடன் அகப்பட்டான். டேப்பை எடுத்துவிட்டு வளையத்தைத் துடைத்துக் கொஞ்சம் கிரீஸ் வையுங்கள்.

பிளாஸ்டிக் பாகங்களைக் கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரால் நெம்பாதீர்கள், தடம் விழுந்துவிடும். அதற்கென்றே பிளாஸ்டிக் நெம்பி கிடைக்கிறது. குளிரில் கிளிப்புகள் படக்கென்று உடையும். வெயிலில் கொஞ்ச நேரம் நிறுத்திவிட்டுக் கை வையுங்கள். உடைந்த கிளிப்புக்கு அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். பசையால் ஒட்டினால் அடுத்த முறை கழற்றும்போது உங்களையே நீங்கள் திட்டுவீர்கள்.

கை வைக்கக் கூடாத இடமும் உண்டு. ஏர்பேக் இருக்கும் தூண்கள், கூரை ஓரம், சீட்டின் பக்கவாட்டு, ஸ்டீயரிங் ஆகியவற்றுக்குள் ஃபோமோ டேப்போ திணிக்கவே கூடாது. பை விரியும் வழியை அது அடைத்துவிடும். ஏர்பேக் ஒயரின் மஞ்சள் கனெக்டர் கண்ணில் பட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை.

உள்ளே கேட்டாலும் உள்ளே இல்லாத சத்தங்களும் இருக்கின்றன. கார் நின்றபடி இருக்க ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது, இன்ஜின் ஒரு குறிப்பிட்ட வேகத்தில் சுழலும்போது மட்டும் தகரம் அதிர்வது போலக் கேட்டால், அது சைலன்சர் மேலுள்ள வெப்பத் தடுப்புத் தகடாக இருக்கலாம். சின்னச் சின்ன மேடுகளில் மெதுவாகப் போகும்போது காலடியில் ‘கட் கட்’ என்றால் சஸ்பென்ஷனில் உள்ள இணைப்புத் தண்டோ (லிங்க்) ரப்பர் புஷ்ஷோ தேய்ந்திருக்கலாம். பிரேக் பிடித்தால் சத்தம் மாறினாலும், வளைவில் கூடினாலும் டேப்பைத் தேடாமல் மெக்கானிக்கிடம் போய்விடுங்கள்.

என் காரில் இன்னும் ஒன்று பாக்கி. குளிர்ந்த காலையில் டேஷ்போர்டு முன்கண்ணாடியைத் தொடும் மூலையில் ஒரு மெல்லிய ‘கிறீச்’. வெப்பநிலை மாறும்போது பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு அதிகமாகச் சுருங்கும், விரியும். அதனால்தான் பத்து நிமிடம் வெயில் பட்டால் அது தானாக அடங்கிவிடுகிறது. அங்கே கை போக வேண்டுமென்றால் டேஷ்போர்டையே இறக்க வேண்டும், திரும்ப மாட்டும்போது இன்னும் நாலு சத்தம் புதிதாகச் சேரும். அதனால் அந்தப் பத்து நிமிடம் பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்துக்கொள்கிறேன்.