தோட்டத் தொழிலாளரின் உடல்நலத்துக்கு முதலில் எதைச் செய்யலாம்?

நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் புதிதாக வெளிக்கள உத்தியோகத்தராகச் சேர்ந்திருப்பதாகவும், பெரிய செலவில்லாமல் ஆட்களின் நலத்துக்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

யோகா வகுப்பு, சுவரொட்டி எல்லாம் அப்புறம். முதலில் மலையில் ஒரு கழிப்பறை. கொழுந்தெடுக்கும் பெண்கள் பலர், ஒதுங்க இடமில்லை என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றுக்கு அது நேர்வழி. கொழுந்து நிறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில், தண்ணீரும் சவர்க்காரமும் வைத்து, தகரத்தால் அடைத்தாலும் சரி. கதவுக்கு உள்தாழ்ப்பாள் கட்டாயம்.

அடுத்தது இரத்தசோகை. ரொட்டியும் சம்பலும் சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பது நம் வழக்கம். தேயிலையிலுள்ள டனின் என்ற துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொல்லுங்கள். கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். (மலையகத்தில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை சொல்ல எனக்கே கூச்சம்தான்.)

குளவி விஷயத்தில் அசட்டை வேண்டாம். ஆட்களை இறக்குமுன் மரங்களில் கூடு இருக்கிறதா என்று ஒருவர் பார்த்துவர வேண்டும். கொட்டினால் எந்த வாகனம், யார் டிரைவர் என்பது கங்காணிக்கு முன்பே தெரிந்திருக்கட்டும். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ கண்டால் நேரே ஆஸ்பத்திரிதான்.

பூச்சி, களை மருந்தடிப்பவர்களுக்குக் கையுறை, முகக்கவசத்தோடு உடுப்பு மாற்றிக் குளிக்கவும் இடம் கொடுங்கள். அந்த உடுப்பு லயத்துக்கு (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்கு)ப் போய்ப் பிள்ளைகளின் துணியோடு சேர்ந்து ஊறக்கூடாது.