ஆங்கிலோ-சாக்சன் சாசன பாணியில விருதுப் பத்திரம்: கேளுங்க, சொல்றேன்

அக்கா, ஆங்கிலோ-சாக்சன் சாசனம்னா 1066-க்கு முன்னாடி இங்கிலாந்து ராஜாங்க நிலம் எழுதிக் குடுக்கிறதுதானே? மத்தியகால வேஷம் போட்டு நடத்துற நம்ம விழாவுல குடுக்கிறது வெறும் விருதுதான், எல்லை சொல்ற பகுதியை விட்டுடலாமா?
ஐயோ, அதுதாங்க உயிரே. மத்ததெல்லாம் லத்தீன், எல்லை மட்டும் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்துல இருக்கும், நடந்து பாக்குற ஊர்க்காரனுக்குப் புரியணும்ல. முதல்ல பழைய முள்மரம், அப்புறம் ஓடையோட போய் நரைச்ச கல்லு, அப்புறம் புறச்சமயத்தார் புதைகுழின்னு சுத்தி, ஆரம்பிச்ச இடத்துக்கே வந்துடும். விழாவுல சமைச்ச ஒரு அம்மாவுக்கு நான் எழுதுனது: "முதல்ல பெரிய அடுப்பு, அங்கேர்ந்து கயிறு தடுக்குற கூடாரம், அப்புறம் தண்ணிக்குழாய், அப்புறம் சேத்து வழியா மறுபடி அடுப்பு." வாசிக்கும்போது கூட்டமே சிரிச்சுது, அந்தம்மா அழுதுட்டாங்க.

அரக்கு முத்திரை சிவப்பா, பச்சையா?
ரெண்டும் வேணாம். இந்தச் சாசனத்துல முத்திரையே கிடையாது. முத்திரை தொங்கியே ஆகணும்னா எட்வர்டு த கன்ஃபெசர் (1042–1066) காலத்து ரிட், அதாவது ராஜா அனுப்புற சின்ன உத்தரவுக் கடிதம், எழுதுங்க.

சாபம் போடலாமா?
கண்டிப்பா. யூதாஸோட நரகத்துல வேகட்டும்னு தாராளமா போடலாம். ஆனா விருதைப் பறிக்க வர்றவனைச் சபிங்க, வாங்குறவரை இல்ல. அப்படியும் ஒருத்தர் எழுதிட்டு வந்தார்.

சாட்சிங்க அவங்கவங்க கையாலதானே சிலுவை போடணும்?
இல்ல, பெரும்பாலும் பேரு, சிலுவை ரெண்டையும் எழுத்தரே போட்டுடுவார்.

அப்ப அது கள்ளக் கையெழுத்துதானே அக்கா!
கையெழுத்துன்னு யாரு சொன்னா? அந்தச் சபையில இருந்தாங்கங்கிறதுக்குத்தான் பேரு. ராஜா, பேராயர், பிஷப்புங்க, எல்டர்மன் (மாகாணத்தை ஆளுற பிரபு), தேன் (thegn, அவருக்குக் கீழ இருக்கிற பிரபு) அப்படின்னு அந்தஸ்து வரிசையில வரும்.

ஆனா மடத்துக்காரங்க போலிச் சாசனமே தயார் பண்ணாங்களே?
பண்ணாங்க, நெறைய. மாட்டுனதும் பல தடவை இந்தப் பட்டியலாலதான், அந்தத் தேதிக்கு முன்னாடியே செத்துப்போன பிஷப்பு சாட்சியா நிப்பார். அதனால உங்க பட்டியல்ல அன்னைக்கு விழாவுக்கு வராதவங்க பேரை எழுதாதீங்க.

எங்க விழாவுல ராஜாவா இருக்கிறவர் கையெழுத்து போடாம விடமாட்டாரே?
கீழ ஓரமா போட்டுக்கட்டும், விடுங்க.

முத்திரை எந்தப் பக்கம் வரும்?
மேல படிங்க.

பாத்து எழுத மாதிரி?
கென்ட் ராஜா ஹ்லோதேர் 679-ல ரெக்கல்வர் மடத்துக்குக் குடுத்தது, மிஞ்சியிருக்கிற மூலங்கள்லயே பழசு, அன்சியல்ங்கிற உருண்டையான பெரிய எழுத்து, ஒரே தாள். வின்செஸ்டர்ல இருந்த நியூ மின்ஸ்டர் மடத்தோட 966 சாசனம் முழுக்க தங்க எழுத்து, புத்தகமாவே இருக்கும், முதல் தடவையே அதுல கை வைக்காதீங்க.

முத்திரை இல்லாம வெறும் ரிப்பன் மட்டும்?
வேணாம்ங்க.