கடலில் காற்றாலை அமைத்தால் மீனவர் பிழைப்பும் கடலும் கெடாமல் காக்க முடியுமா?

முடியும். ஆனால் இடத்தை முடிவு செய்துவிட்டு மீனவர்களைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால் முடியாது.

தூத்துக்குடிக் கடற்கரையில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன் நான். மன்னார் வளைகுடாவை வைத்தே சொல்கிறேன். தமிழகக் கடலிலும் குஜராத் கடலிலும் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கு உதவ, 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 ஜூனில் ஏற்றது. எங்கள் பக்கம் காற்று வலுவானது. அதே வளைகுடாவில்தான் 21 தீவுகள் கொண்ட தேசியப் பூங்காவும், ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் இருக்கின்றன. காற்றாலைத் தூண்களைப் பூங்காவுக்கு வெளியே நட்டால் மட்டும் போதாது. மின்சாரம் கொண்டுவரும் கேபிள் கடற்புல்லைக் கிழித்துக்கொண்டு கரையேறினால் என்ன பயன்?

எந்த மாதம் எந்தப் பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், என்ன மீன் கிடைக்கும் என்பது எங்கள் பெரியவர்களுக்கு மனப்பாடம். வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும் கடல், வழிவலை விடுகிறவருக்கு வயல். அந்த வலை நீரோட்டத்தோடு மிதந்து போகும். குறுக்கே தூண் நின்றால் சிக்கிக் கிழியும். ஆகவே "படகு போகத் தடையில்லை" என்ற வாக்குறுதி எங்களுக்கு உதவாது. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடலில் மீனவர்கள் வற்புறுத்திய பிறகே, தூண்களுக்கிடையே ஒரு கடல் மைல் இடைவெளி விட நிறுவனங்கள் ஒத்துக்கொண்டன. நம் வலைக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வலை விடுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

அடுத்தது, தூணைக் கடலடியில் அடித்து இறக்கும் சத்தம். ஜெர்மனியில் 750 மீட்டர் தொலைவில் அது 160 டெசிபலைத் தாண்டக்கூடாது. அதற்காகத் தூணைச் சுற்றிக் கடலடியில் துளையிட்ட குழாய் போட்டு, காற்றைச் செலுத்திக் குமிழித் திரை எழுப்புகிறார்கள். இங்கும் அதைக் கட்டாயமாக்க வேண்டும். விசைப்படகுகள் கரையில் நிற்கின்றனவே என்று, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் தூண் அடிக்கத் திட்டமிட்டால் விடக்கூடாது. மீன் முட்டையிடட்டும் என்றுதானே 61 நாள் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறோம்?

நஷ்டஈட்டைப் படகின் பதிவெண்ணை வைத்துக் கணக்கிட்டால் பணம் முதலாளியோடு நின்றுவிடும். பங்குக்குக் கடலுக்குப் போகிறவரும், ஏலம் எடுத்துக் கூடையில் மீன் விற்கும் பெண்களும், கருவாடு போடுகிறவர்களும் அந்தப் பட்டியலில் வரமாட்டார்கள். அவர்கள் பெயர்களை ஊர் ஊராகப் போய் இப்போதே எழுத வேண்டும். டெண்டர் முடிந்த பிறகு யாரும் வந்து கேட்கப்போவதில்லை.