ஹாட் கிராஸ் பன் (புனித வெள்ளிக்குச் சுடும், சிலுவைக் குறியிட்ட இங்கிலாந்து மசாலா பன்): கேள்வி பதில்

கேள்வி: ஈஸ்ட் புதியதுதான். ஆனாலும் என் பன் மாவு உப்ப மறுக்கிறதே, ஐயா?

பதில்: பட்டைத்தூளை அள்ளிப் போட்டிருப்பீர்கள். பட்டைக்கு மணம் தரும் சின்னமால்டிஹைடு ஈஸ்ட்டை மந்தமாக்கும். போதாததற்குச் சர்க்கரை மாவின் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். வெண்ணெய் மாவைக் கனமாக்கும். அரை கிலோ மாவுக்கு 7 கிராம் உலர் ஈஸ்ட், பட்டையும் ஜாதிக்காயும் கிராம்பும் கலந்த தூள் இரண்டு தேக்கரண்டி. அதற்கு மேல் ஆசைப்படாதீர்கள். கடிகாரத்தை மறந்துவிட்டு, மாவு இரு மடங்காகும்வரை பொறுங்கள். உலர் திராட்சையையும் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலையும் அதன் பிறகே சேருங்கள். முதலிலேயே போட்டுப் பிசைந்தால் திராட்சை நசுங்கி மாவு அழுக்கு நிறமாகிவிடும்.

கேள்வி: மேலே உள்ள சிலுவை சர்க்கரையா?

பதில்: இல்லை. மைதாவைத் தண்ணீரில் குழைத்த பசை. சுடுவதற்கு முன்பே பிழிந்துவிட வேண்டும். மினுமினுப்புக்கு, வெந்த சூட்டோடு சர்க்கரைப் பாகையோ ஏப்ரிகாட் ஜாமையோ பூசுங்கள்.

கேள்வி: புனித வெள்ளியன்று மட்டும்தான் சாப்பிட வேண்டுமா?

பதில்: ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். 1592-இல் லண்டனில் பிறந்த உத்தரவின்படி இறுதிச் சடங்கு, புனித வெள்ளி, கிறிஸ்துமஸ் தவிர வேறு நாட்களில் மசாலா ரொட்டி விற்கக் கூடாது. மீறினால் பண்டம் பறிமுதலாகி ஏழைகளுக்குப் போகும். இப்போதோ புத்தாண்டு பிறந்த கையோடு பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளில் அடுக்கிவிடுகிறார்கள், சாக்லேட்டும் சீஸும் சேர்த்துக்கூட. சீஸை மன்னிக்கலாம். சாக்லேட் போட்டதைப் பன் என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

கேள்வி: செல்சி பன்னும் இதுவும் ஒன்றா?

பதில்: வேறு. அது வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, திராட்சை தூவிச் சுருட்டி வெட்டுவது. தட்டில் நெருக்கி அடுக்கிச் சுடுவதால் சதுரமாகிறது. லண்டன் செல்சியில் அதற்குப் பேர்போன ‘பன் ஹவுஸ்’ 1839-இல் இடிக்கப்பட்டது. மேலே சர்க்கரைக் கட்டிகள் தூவியிருந்தால் அது பாத் பன்.

கேள்வி: லண்டனில் ஒரு மதுவிடுதியின் கூரையில் பழைய பன்கள் தொங்குகின்றனவாமே?

பதில்: உண்மைதான். கிழக்கு லண்டனில் போ (Bow) என்ற பகுதியிலுள்ள ‘விடோஸ் சன்’ (விதவையின் மகன்) விடுதி அது. கடலுக்குப் போன மகனுக்காக ஒரு விதவைத் தாய் ஆண்டுதோறும் பன் எடுத்துவைத்தாள், அவன் திரும்பவில்லை என்பது கதை. புனித வெள்ளியன்று கடற்படை வீரர் ஒருவர் கூரையில் தொங்கும் வலையில் புதுப் பன் சேர்ப்பது வழக்கம்.

கேள்வி: என் நாய்க்கு ஒரு துண்டு தரலாமா?

பதில்: கூடவே கூடாது. திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். தின்றுவிட்டால் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.